ஆர்டி 350-க்கு ஸ்பேர் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ராஜ்தூத் 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் விற்கத் தொடங்கியது. யமஹா ஆர்டி 350-ன் இந்திய அவதாரம் அது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். எண்பதுகளோடு அதன் கதை முடிந்தது. பிறகு 1996-ல் எஸ்கார்ட்ஸும் யமஹாவும் கூட்டு நிறுவனம் தொடங்கின. 2001-ல் யமஹா அதை முழுதாக வாங்கிக்கொண்டது. இந்த மாற்றங்களுக்கு நடுவே, பழைய ஆர்டிக்கு ஸ்பேர் கொடுக்க வேண்டியது யார் என்ற கேள்விக்கே ஆள் இல்லாமல் போனது. இன்று ஷோரூம் கவுன்டரில் போய்க் கேட்டால், அங்கே நிற்கும் பையன் வண்டியைப் படத்தில் பார்த்திருந்தாலே பெரிய விஷயம்.

ஆனாலும் ஆர்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஸ்பேரே கிடைக்காத வண்டி என்றால் எப்படி ஓடும்? நாம் தேடும் விதத்தில்தான் கோளாறு. “ஆர்டிக்கு இது இருக்கா?” என்று வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்கும்வரை பாதிப் பொருள் கிடைக்காது, மீதி கொள்ளை விலையில் கிடைக்கும். அளவையும் பார்ட் நம்பரையும் வைத்துத் தேடினால் நிலைமை வேறு. கீழே வரும் எல்லாமே அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். ஆர்எக்ஸ் 100, பழைய கரிஷ்மா வைத்திருப்பவர்களுக்கும் இதே வழி பொருந்தும், எண்கள்தான் மாறும்.

1. உங்களிடம் இருப்பது எந்த ஆர்டி?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

இந்திய ஆர்டியில் இரண்டு வகை உண்டு. முதலில் வந்தது எச்டி (ஹை டார்க்), 30.5 குதிரைத்திறன். மைலேஜ் போதவில்லை என்ற புகாருக்குப் பிறகு வந்தது எல்டி (லோ டார்க்), 27 குதிரைத்திறன். சிலிண்டர் போர்ட்டும் (கலவையும் புகையும் போய்வரச் சிலிண்டர் சுவரில் உள்ள வாசல்) சைலன்சரும் இரண்டுக்கும் ஒன்றல்ல. ஒன்றின் சிலிண்டர் பிளாக்கை இன்னொன்றில் மாட்ட முடியும், மாட்டியும் இருப்பார்கள். ஆனால் எது என்று தெரியாமல் கார்புரேட்டர் ஜெட்டைக் குத்துமதிப்பாகப் போட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது வெளிநாட்டு ஆர்டி. ஜப்பானில் தயாராகி 1973 முதல் 1975 வரை விற்ற வண்டிக்கு 39 குதிரைத்திறன், முன்பக்கம் டிஸ்க் பிரேக். நமக்கு வந்ததில் முன்பக்கம் டிரம்தான். இரண்டு ஷூவும் முன்னோக்கிக் கடிக்கும் வகை. அதனால் அமெரிக்கக் கடையில் ‘ஆர்டி 350 முன் பிரேக்’ என்று தேடினால் நமக்கு உதவாத சாமான்தான் வரும். ஆர்டிக்கு முன்னால் 1970-ல் வந்த ஆர்5 வண்டியின் டிரம் பிரேக்கைத் தேட வேண்டும்.

ஆர்5 என்றதும் ஒரு எச்சரிக்கை. அந்த வண்டியிலும் 64 மி.மீ. பிஸ்டன்தான். ஆனால் அதில் ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ்க் கதவு) கிடையாது, எனவே பிஸ்டனின் பின்பக்கத்தில் ஜன்னல் வெட்டியிருக்காது. ஆர்டி பிஸ்டனில் அந்த ஜன்னல்கள் இருந்தே ஆக வேண்டும். பெட்டியில் 64 என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

இணையத்தில் மாட்டிவிடும் இன்னொரு ஆள் ஆர்டி 350 எல்சி. 1980-ல் ஐரோப்பாவில் வந்தது, தண்ணீரில் குளிரும் இன்ஜின். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 64, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 54, அதே 347 சிசி. எண்கள் அச்சு அசலாக ஒன்று, இன்ஜின் வேறு. 1983-ல் அதற்கு அடுத்து வந்த ஆர்டி 350 ஒய்பிவிஎஸ் வண்டியும் அப்படியே. வெளிநாட்டு விளம்பரத்தில் ‘ஆர்டி 350’ என்று பார்த்தால், படத்தில் சிலிண்டரைச் சுற்றிக் காற்றுத் துடுப்புகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

சரி, வகை தெரிந்துவிட்டது. ஆனால் நாற்பது வருடமாக எத்தனை மெக்கானிக் கை வைத்தார்களோ! சென்னைப் பக்கத்து வண்டி என்றால் கூடுதலாக ஒரு சந்தேகம் வேண்டும். சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஆர்டிகள் அங்கே ஓடியிருக்கின்றன. போர்ட்டைத் தேய்த்துப் பெரிதாக்கிய பிளாக் பிற்பாடு சாதாரண வண்டியில் வந்து உட்கார்ந்திருக்கலாம். பிளாக்கைக் கழற்றினால் போர்ட்டின் உள் ஓரங்களைப் பாருங்கள். வார்ப்பின் சொரசொரப்பு இருந்தால் தொடாதது; பளபளவென்று கருவி ஓடிய தடம் இருந்தால் யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள்.

கழற்றும் ஒவ்வொன்றையும் துடைத்து, ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். அதில் குத்தியிருக்கும், அச்சாகியிருக்கும் எல்லா எண்களையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். விட்டமும் தடிமனும் அளக்க வெர்னியர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், டிஜிட்டல் வேண்டுமென்று இல்லை.

2. பார்ட் நம்பரைப் படிக்கப் பழகுங்கள்

இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் தேடல் பாதி முடிந்த மாதிரி.

யமஹா பார்ட் நம்பர் மூன்று துண்டாக இருக்கும். முதல் மூன்று இலக்கம், நடுவில் ஐந்து, கடைசியில் இரண்டு. முதல் துண்டு, அந்தப் பாகம் எந்த மாடலுக்காக முதலில் செய்யப்பட்டது என்பதைக் காட்டும். நடுத்துண்டு அது என்ன பொருள் என்பது: 11631 என்றால் பிஸ்டன், 11181 ஹெட் பேக்கிங், 11351 பிளாக் அடியில் வரும் பேக்கிங், 26311 ஆக்சிலேட்டர் கேபிள், 26335 கிளட்ச் கேபிள். எந்த யமஹாவுக்கும் இது பொது. கடைசித் துண்டு திருத்தத்தையோ நிறத்தையோ குறிக்கும்.

இதில் என்ன லாபம்? ஆர்டியின் வரைபடத்தில் ஒரு பாகத்துக்கு முதல் மூன்று இலக்கம் ஆர்டிக்கு உரியதாக இல்லை என்றால், அந்தப் பாகம் வேறொரு யமஹாவிலிருந்து கடன் வாங்கியது என்று அர்த்தம். அந்த வண்டியின் பெயரில் தேடுங்கள். ஆர்டி ஸ்பேருக்குச் சொல்லும் விலையை அதற்குச் சொல்ல மாட்டார்கள். தலைகீழாகவும் நடக்கும்: ஆர்டியில் பிறந்த பாகம் பிற்காலத்து வண்டிகளில் தொடர்ந்து வந்திருக்கும். பழைய எண்ணுக்குப் பதில் புது எண் கொடுத்திருப்பார்கள். வெளிநாட்டுக் கடைகளின் தளத்தில் பழைய எண்ணைப் போட்டால் பல நேரம் அதுவே புது எண்ணுக்குக் கொண்டுபோய்விடும்.

முதல் துண்டே ஐந்து இலக்கமாக 93-ல் தொடங்கும் எண்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள். 93306 பேரிங், 93102 ஆயில் சீல், 93210 ஓ-ரிங். இவை எல்லாம் பெரும்பாலும் தொழிற்சாலைப் பொது அளவுகள். சீலில் 93102-க்குப் பின் வரும் இரண்டு இலக்கம் பொதுவாக உள்விட்டம்.

வரைபடத்துக்கு எங்கே போவது? நெதர்லாந்தின் சிஎம்எஸ்என்எல் கடையின் தளத்தில் 1973–75 ஆர்டியின் பாக வரைபடங்கள் இருக்கின்றன, வாங்காவிட்டாலும் பார்க்கலாம். எஸ்கார்ட்ஸ் அச்சடித்த ஸ்பேர் பார்ட்ஸ் புத்தகம் கையில் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். முன் பிரேக் போன்ற நம்மூர் மாற்றங்கள் அதில்தான் இருக்கும்.

3. அளவு சொல்லி வாங்குபவை

பேரிங், ஆயில் சீல், ஓ-ரிங், செயின், பிளக், சர்கிளிப், பல்பு, கேபிள், பெட்ரோல் ஹோஸ். இவற்றுக்கு வண்டியின் பெயரே தேவையில்லை.

சென்னை ஜி.பி. ரோட்டில் ஸ்பேர் கடையில் இப்படித்தான் போகும்:

“அண்ணே, ஆர்டிக்கு கிராங்க் சீல் இருக்கா?”

“ஆர்டிக்கா? அதெல்லாம் இப்ப எங்க தம்பி வருது! ஒரே ஒரு செட் இருக்கு, ஜப்பான் ஒரிஜினல். விலையக் கேட்டு பயந்துடாதீங்க.”

அந்தப் பழைய சீலையே எடுத்துக்கொண்டு ஹைட்ராலிக் சீல் விற்கும் கடைக்குப் போங்கள். சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். அதை மட்டும் சொல்லுங்கள். அவர் டிராயரை இழுத்துக்கொண்டே கேட்கும் ஒரே கேள்வி, “நைட்ரிலா, வைட்டானா?” என்பதுதான். இரண்டும் ரப்பர் வகைகள். வைட்டான் வாங்குங்கள். கிராங்க் பக்கம் சூடும் வேகமும் அதிகம், இப்போது பெட்ரோலில் எத்தனாலும் கலந்து வருகிறது. ஒரு கண்டிஷன்: பழைய சீலின் வெளி விளிம்பில் வரப்போ பள்ளமோ இருந்தால் பொது அளவு சீல் உட்காராது, அதற்கு யமஹா எண்ணில்தான் போக வேண்டும். உதட்டுக்குப் பின்னால் சுருள் ஸ்பிரிங் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் சாதாரண விஷயம் இல்லை. சீல் கசிந்தால் கிராங்க் கேஸுக்குள் வெளிக்காற்று இழுக்கும், கலவை மெலியும், பிஸ்டன் உருகும். எத்தனை பேர் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டு ஜெட் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்! சீல் மாற்றி இன்ஜினை மூடியதும் இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் 6 பிஎஸ்ஐ ஏற்றி, மீட்டர் முள் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் கிராங்க் அறை தனித்தனி என்பதால் தனித்தனியாகச் செய்ய வேண்டும். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவினாலே ஓட்டை தெரிந்துவிடும்.

பேரிங்கில் எண் முழுதாக இருக்க வேண்டும். எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால், உள்ளே குண்டுகளுக்குச் சாதாரணத்தைவிடக் கொஞ்சம் அதிக இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று பொருள். சி4 என்றால் இன்னும் அதிகம். சூட்டில் விரியும் கிராங்க்குக்கு அது வேண்டும். கடைக்காரர் “அதே நம்பர்தான் சார், சும்மா போடுங்க” என்று சி3 இல்லாததை நீட்டுவார். வாங்காதீர்கள். வெளி வளையத்தில் பின் உட்காரும் குழி, கிளிப் உட்காரும் பள்ளம் இருக்கிறதா என்றும் பழையதோடு ஒப்பிடுங்கள். போலி பேரிங் நம் ஊரில் தாராளம். பேரிங்கை மட்டும் அந்தக் கம்பெனியின் அங்கீகரித்த டீலரிடம் பில்லோடு வாங்குவது நல்லது.

பிளக் என்ஜிகே பி8எச்எஸ். எங்கும் கிடைக்கும். கேபிளுக்கு அலைய வேண்டாம். பழையதைக் கொடுத்தால் உள்கம்பி, உறை இரண்டும் நீளம் பார்த்துச் செய்து கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். டயர், டியூப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை: 18 அங்குலம், தட்டுப்பாடே இல்லை.

4. பிஸ்டன், பிளாக், கிராங்க்

பணம் அதிகம் போகும் இடம் இது. அவசரப்பட்டால் இரண்டு மடங்கு போகும்.

ஸ்டாண்டர்டு பிஸ்டன் 64.00 மி.மீ. ஓவர்சைஸ் கால் மி.மீ. படியில் ஏறும்: 64.25, 64.50, 64.75, 65.00. பிளாக்கை நல்ல லேத்தில் கொடுத்து போர் கேஜில் மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்திலும், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் அளக்கச் சொல்லுங்கள். அளவு தெரிந்ததும் செய்யக் கூடாத காரியம், உடனே “அடுத்த சைஸுக்குப் போர் அடிச்சிடுங்க” என்பது. முதலில் பிஸ்டன் ஜோடி கைக்கு வரட்டும். 64.50 என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் பிஸ்டனின் உண்மையான அளவு சற்று முன்பின் இருக்கும். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் போர் அடிக்க வேண்டும். போர் அடித்துவிட்டு அந்த சைஸ் பிஸ்டன் கிடைக்காமல் பிளாக்கை அலமாரியில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிஸ்டன் எங்கே? மூன்று வழி. பழைய இந்திய ஸ்டாக், அதாவது பெட்டி பிரிக்காமல் ஏதோ ஒரு ஊரின் பழைய ஏஜென்சி அலமாரியில் கிடப்பது. இது கிடைத்தால் முதல் தேர்வு. அடுத்து, இப்போது உள்ளூரில் செய்து விற்பவை. தரம் ஆளுக்கு ஆள் மாறும். மூன்றாவது வெளிநாட்டு பிஸ்டன், உதாரணத்துக்கு அமெரிக்காவின் வைஸ்கோ. அது ஃபோர்ஜ் செய்தது. வார்த்த பிஸ்டனைவிடச் சூட்டில் அதிகம் விரியும், அதனால் இடைவெளியும் அதிகம் கேட்கும். பெட்டியில் உள்ள காகிதத்தில் சொல்லும் இடைவெளியை லேத்காரரிடம் காட்டுங்கள். “நாங்க ஆர்டிக்கு எப்பவும் இவ்வளவுதான் விடுவோம்” என்று அவர் சொன்னால், காகிதத்தின் பக்கம் நில்லுங்கள்.

உள்ளூர் பிஸ்டன் என்றால் எடை போட்டுப் பாருங்கள், நகைக்கடைத் தராசு போதும். ஜோடிக்குள் எடை வித்தியாசம் தெரிந்தால் வேண்டாம். ரிங் பள்ளத்தில் சிறு பின் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், ரிங்கின் வாய் அங்கேதான் உட்காரும். அந்தப் பின் ஆடுகிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். அது கழன்றால் ரிங் சுழன்று போர்ட்டில் மாட்டி உடையும். போர் அடித்து ஹோனிங் முடிந்ததும் போர்ட்டின் ஓரங்களை லேசாகச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் வேலையே செய்து பழகிய லேத்தில் இதை மறந்துவிடுவார்கள். நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும்.

65-ஐத் தாண்டிய பிளாக்கைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். புது ஸ்லீவ் இறக்கி மறுபடி 64-க்குக் கொண்டுவரலாம். கோயம்புத்தூர்ப் பக்கம் வார்ப்பும் லேத்தும் தெருவுக்குத் தெரு உண்டு. ஸ்லீவ் போடுவது பெரிய வித்தை இல்லை, அதில் போர்ட்டை பிளாக்கின் போர்ட்டோடு சரியாகப் பொருந்தும்படி வெட்டுவதுதான் வித்தை. டூ ஸ்ட்ரோக் பிளாக் செய்து பழகியவரா என்று கேட்டு, அவர் முடித்த ஒரு பிளாக்கை விரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

கிராங்க் நான்கு சக்கரங்களை அழுத்திச் சேர்த்தது. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கான்ராட் கிட் கிடைக்கிறது. பிரித்துச் சேர்த்தபின் டயல் கேஜில் சுழற்றிக் கோணல் பார்க்க வேண்டும், 0.03 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சுத்தியலால் தட்டி நேராக்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். டயல் கேஜ் இல்லாமல் தட்டினால்தான் பயப்பட வேண்டும். நடுவிலுள்ள லேபிரின்த் சீல் ரப்பர் இல்லை, உலோகம். நன்றாக இருந்தால் அதையே மறுபடி போடலாம்.

ஆர்டி 400-ன் சாமான் பொருந்துமா என்று கேட்பார்கள். அதன் குறியீடு 1ஏ0. போர் அதே 64, ஆனால் ஸ்ட்ரோக் 62. கிராங்க், பிளாக் பக்கம் போகாதீர்கள். மற்றவற்றுக்கு வரைபடத்தில் எண் ஒத்துப்போனால் மட்டும் வாங்கலாம்.

5. கார்புரேட்டர், ரீட், பாயின்ட்

ஜெட், நீடில் எல்லாம் மிகுனி வரிசைதான், பஞ்சமில்லை. பஞ்சம் அசலுக்குத்தான். உண்மையான மிகுனி ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு சின்ன முத்திரை இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். முத்திரை இல்லாத ஜெட்டில் 110 என்று எழுதியிருந்தாலும் ஓட்டை எந்த அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்லைடு தேய்ந்து கடகடத்தால் ஜெட் மாற்றிப் பயனில்லை. மற்றதைவிட பாடியே அதிகம் தேய்ந்திருந்தால் ஜோடியாகப் புது கார்புரேட்டர் வாங்குவதே மலிவு.

ரீட் வால்வின் பழைய இரும்பு இதழ்கள் நாளடைவில் ஓரம் உடையும், உடைந்த துண்டு நேரே இன்ஜினுக்குள் போகும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இதழுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒளி கசிந்தால் மாற்ற வேண்டிய நேரம். ஃபைபர் இதழ்கள் வெளிநாட்டிலிருந்து சின்னக் கவரில் வந்துவிடும்.

பிளக்கில் பொறி வரவைக்கும் பாயின்ட் செட் தேடி அலைவதைவிட, எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டுக்கு மாறுவதே என் பரிந்துரை. அசல் தோற்றம் வேண்டுமென்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. கழற்றிய பாயின்ட் பிளேட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுபவர்கள் அதிகம். அதனாலேயே கழற்றிய பம்புகள் யார் வீட்டு டப்பாவிலாவது கிடக்கும், கேட்டுப் பாருங்கள்.

6. வேறொரு ஆர்டியிடமிருந்து மட்டுமே வருபவை

டேங்க், சைடு பேனல், மீட்டர், சைலன்சர், கிராங்க் கேஸ், கியர் செட். இவற்றில் குறுக்கு வழி குறைவு. இங்கேதான் ஊர் ஊராகப் போக வேண்டும்.

சென்னையில் புதுப்பேட்டை. கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில் காலை பத்து மணிக்கு மேல் போங்கள். நேரே ஆர்டி என்று கேட்காமல், முதலில் நாலு கடை ஏறி இறங்கித் தொங்குவதைப் பாருங்கள். பெங்களூரில் ஜே.சி. ரோடு, மும்பையில் குர்லா சி.எஸ்.டி. ரோடு, கொல்கத்தாவில் மல்லிக் பஜார், டெல்லியில் கரோல் பாக். வடக்கே ராஜ்தூத் அதிகம் ஓடியதால், டெல்லி போகும் நண்பர் யாரிடமாவது பட்டியலும் படமும் கொடுத்தனுப்பலாம்.

சந்தையைவிட நல்ல இடம், ஓய்வு பெற்ற மெக்கானிக்கின் பரண். எண்பதுகளில் ராஜ்தூத் ஏஜென்சி இருந்த ஊர்களில் அந்த ஏஜென்சியில் வேலை பார்த்தவர் யார் என்று விசாரியுங்கள். போனில் கேட்டால் “ஒண்ணும் இல்லப்பா” என்பார்கள். நேரில் போய், டீ குடித்து, உங்கள் வண்டியைக் காட்டிப் பேசினால், கடைசியில் “இருங்க, மேல ஒரு டப்பா இருக்கு, பாக்குறேன்” என்று வரும். பேரம் பேசி மானத்தை வாங்காதீர்கள். நியாயமான விலை கொடுத்தால் அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில. டேங்கை முகர்ந்து பாருங்கள், உள்ளே டார்ச் அடித்துத் துரு பாருங்கள். சிறு காந்தத்தை அடிப்பகுதியில் ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டியைக் கனமாக அப்பியிருக்கிறார்கள். கியரில் பல் நுனியைவிடப் பக்கவாட்டில் உள்ள கொக்கிகள் முக்கியம். முனை உருண்டிருந்தால் கியர் நழுவும். சைலன்சர் எச்டியா எல்டியா என்று உங்கள் நோட்டைப் பாருங்கள்.

கிராங்க் கேஸ் மட்டும் தனி விஷயம். இன்ஜின் நம்பர் அதில்தான் குத்தியிருக்கும். யாருடையது என்று தெரியாத நம்பரோடு வாங்கி மாட்டினால் நாளை திருட்டு வழக்கில் உங்கள் வண்டி போய் நிற்கலாம். பழைய ஆர்.சி. நகல், விற்றதற்கான ரசீது இரண்டும் இல்லாமல் தொடாதீர்கள். இன்ஜினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது நம்பரைத் தேய்த்துப் பார்ப்பார்கள். நம்பரைச் சுரண்டி மாற்றிக் குத்திக் கொடுக்கிறேன் என்பவரிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள்.

7. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது

நெதர்லாந்தின் சிஎம்எஸ்என்எல், இங்கிலாந்தின் யாம்பிட்ஸ், அமெரிக்காவின் எச்விசி சைக்கிள் ஆகியவை பழைய யமஹாக்களுக்குத் தெரிந்த பெயர்கள். ஜப்பான் ஏலத் தளங்களில் இடைத்தரகர் சேவை மூலம் வாங்கலாம், அங்கே ஆர்டியின் குறியீட்டை வைத்துத் தேடுவது நல்லது: ஆர்டி 350-ன் இன்ஜின், சேஸிஸ் எண்கள் 351 என்று தொடங்கும், 250-க்கு 352.

சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை. விலை, கப்பல் அல்லது விமானக் கட்டணம், இன்ஷூரன்ஸ் மூன்றையும் கூட்டி அதன்மேல் வரி, பிறகு ஜி.எஸ்.டி. கனமான சாமானை வரவழைத்தால் கட்டணத்துக்கே வரி கட்டுவீர்கள். எனவே பேக்கிங் செட், ரீட், ரிங், பிஸ்டன் போன்ற சின்னவற்றை ஒரே பார்சலில் சேருங்கள். ‘அன்பளிப்பு’ என்று எழுதச் சொல்லும் பழக்கத்தை விடுங்கள். வரியில்லா அன்பளிப்பு இறக்குமதியை அரசு 2019 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. கூரியர் கம்பெனி கேட்கும் அடையாளச் சான்றை உடனே அனுப்பாவிட்டால் பார்சல் கிடங்கிலேயே கிடந்து வாடகை ஏறும்.

சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் ஊருக்கு வரும்போது எடுத்துவரச் சொல்வது நம் வழக்கம். சின்னப் பெட்டி என்றால் சரி. கார்புரேட்டர் புதிதாகவே இருக்கட்டும். பெட்ரோல் நாற்றம் அடிக்கும் பழையதை விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

8. வாங்கி வைக்க வேண்டியவை

வண்டி நன்றாக ஓடும்போதே வாங்குங்கள். நின்றபின் வாங்குபவனிடம்தான் கடைக்காரர் விலை ஏற்றுவார். என் வரிசை இது: முதலில் கிராங்க் சீல், முழு பேக்கிங் செட். அப்புறம் உங்கள் பிளாக்கின் இப்போதைய அளவுக்கு ரிங், அதற்கு அடுத்த அளவில் பிஸ்டன் ஜோடி. பிறகு கிளட்ச் பிளேட், கான்ராட் கிட். டேங்க், மீட்டர், சைலன்சர் எதிர்ப்படும்போது வாங்குங்கள், தேடிப் போனால் சிக்காது.

பெட்ரோல் ஹோஸும் கார்புரேட்டர் ஓ-ரிங்கும் இ20 பெட்ரோலைத் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

சீலும் ஓ-ரிங்கும் வெயிலும் சூடும் படாத இடத்தில், வளையாமல், பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். ஆணியில் மாட்டித் தொங்கவிட்டால் உதடு கோணிக்கொள்ளும். கிராங்க், கியர், பேரிங் எல்லாம் ஆயில் தடவிச் சுற்றி வையுங்கள். ஒவ்வொரு கவரின் மேலும் அளவு, பார்ட் நம்பர், வாங்கிய கடை மூன்றையும் மார்க்கரில் எழுதிவிடுங்கள். அதே மூன்றையும் நோட்டிலும் ஏற்றிவிடுங்கள்.